காட்டாமல் விட்ட கட்டங்கள்: பெண்களின் போர் அனுபவமும் படக்கதையும்

போரைப் பற்றிய படக்கதைகளில் உலகம் முழுக்க அறியப்பட்டது ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்'. ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய தந்தை விளாடெக் சொல்லச் சொல்ல மகன் வரைந்த நூல் அது. 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. ஆஷ்விட்ஸிலிருந்து தாய் ஆன்யாவும் உயிரோடு திரும்பியிருந்தார். போர் முடிந்தபின் தன் அனுபவங்களை நோட்டுகளில் எழுதி வைத்தார். 1968-இல் தற்கொலை செய்துகொண்டார். அந்த நோட்டுகள் எங்கே என்று மகன் திரும்பத் திரும்பக் கேட்கிறார். 1986-இல் வெளிவந்த முதல் பாகத்தின் கடைசியில்தான் விடை கிடைக்கிறது: மனைவியை இழந்த துயரத்தில் விளாடெக் அவற்றை எரித்துவிட்டார். ஆன்யாவின் போரைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததெல்லாம் கணவர் நினைவிலிருந்து சொன்னதும் மகன் ஊகித்து வரைந்ததும்தான்.

ஸ்பீகல்மேன் இந்த இழப்பை மறைக்கவில்லை. கதையின் மையத்திலேயே வைத்தார். ஆனாலும் அது ஒரு பழைய நிலைமையின் சுருக்கம். போரின் வரலாறு பெரும்பாலும் களத்துக்குப் போனவர் சொன்னதாகவே எழுதப்பட்டது. வீட்டில் இருந்தவர், வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர், வீட்டையே சுமந்துகொண்டு ஓடியவர் ஆகியோரின் குறிப்புகள் எரிந்தன, தொலைந்தன, அல்லது எழுதப்படவே இல்லை. கடந்த எண்பது ஆண்டுகளில் பல நாடுகளைச் சேர்ந்த பெண் ஓவியர்கள் இந்தக் குறையைப் படக்கதையால் ஈடுசெய்ய முயன்றிருக்கிறார்கள். நாவலும் ஆவணப்படமும் இருக்க, இதற்குப் படக்கதை ஏன் தேவைப்பட்டது?

பெண்ணின் போர்ச் சாட்சியத்தில் ஒரு முரண் உண்டு. நடந்ததை நம்பவைக்க விவரம் வேண்டும். நாள், இடம், செய்தவர், செய்தது என அனைத்தையும் கேட்பார்கள். அந்த விவரமே, குறிப்பாகப் பாலியல் வன்முறையில், அவரை இன்னொரு முறை எல்லோர் முன்னாலும் நிறுத்துகிறது. சொல்லாவிட்டால் பொய் என்பார்கள். சொன்னால் வேடிக்கை பார்ப்பார்கள். காட்டிக்கொண்டே மறைக்கவும், மறைத்துக்கொண்டே உணர்த்தவும் வசதி உள்ள வடிவம் படக்கதை. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில் நடப்பதை ஓவியர் வரைவதில்லை. வாசகர் தாமே நிரப்பிக்கொள்கிறார். பெண்களின் போர்ப் படக்கதைகளை மதிப்பிட இங்கிருந்து தொடங்கலாம்: எதை வரையாமல் விட்டார்கள், அப்படி விட்டதால் காக்கப்பட்டது யார்?

கேமரா இல்லாத முகாம்

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 19-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் எண் ஆணையின் பேரில், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள். கலிஃபோர்னியாவில் பிறந்து பெர்க்லியில் ஓவியம் படித்த மினே ஒகுபோவும் அவர்களில் ஒருவர். அவருக்கும் உடன் சென்ற தம்பிக்கும் தரப்பட்ட குடும்ப எண் 13660. முதலில் டான்ஃபோரான் குதிரைப் பந்தய மைதானத்தில் ஒரு குதிரை லாயம், பிறகு யூட்டா மாநிலத்தின் பாலைநிலத்தில் டோபாஸ் முகாம்.

முகாமுக்குள் கேமரா வைத்திருக்கத் தடை இருந்தது. ஒகுபோ வரைந்தார். 1946-இல் வெளிவந்த 'சிட்டிசன் 13660' பக்கத்துக்கு ஒரு பேனாச் சித்திரமும் அதன் கீழே சில வரிகளுமாக அமைந்த நூல். இன்றைய பொருளில் அதைப் படக்கதை என்று சொல்லலாமா என்பதில் விவாதம் இருக்கலாம். முன்னோடி என்பதில் இல்லை. ஏறக்குறைய எல்லாச் சித்திரங்களிலும் ஓர் ஓரத்தில் ஒகுபோ நிற்கிறார். வரிசையில், கூட்டத்தில், சன்னலோரத்தில் நின்றபடி பார்க்கிறார். தான் பார்த்ததைத்தான் வரைந்தேன் என்பதற்கு அந்த உருவமே கையொப்பம்.

அரசின் புகைப்படக்காரர்கள் எடுக்காத ஒன்றை அவர் வரைந்தார்: தடுப்பே இல்லாத பொதுக் கழிப்பிடம். பல பெண்களால் அதற்குப் பழகவே முடியவில்லை. துணியைத் தொங்கவிட்டும் பலகையை நிறுத்தியும் கொஞ்சம் மறைவை உண்டாக்கிக்கொள்கிறார்கள். சிறைவைப்பின் அரசியலை நீளமாக விளக்காமல் ஒகுபோ, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணைக் காட்டி அதைச் சொல்லிவிடுகிறார். பல ஆண்டுகள் கழித்து, 1981-இல், இந்தச் சிறைவைப்பு குறித்து விசாரித்த அரசு ஆணையத்தின் முன் அவர் சாட்சியமளித்தார். 1988-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு வழங்கியது.

போர் நடக்கும் இடம்

ஆண்கள் வரைந்த போர்க் காமிக்ஸில் வரைபடத்தில் அம்புக்குறி இருக்கும், டாங்கி இருக்கும், குண்டு வெடிக்கும் ஓசை பெரிய எழுத்தில் இருக்கும். தமிழிலும் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் முதல் நம் வாசகர்கள் பழகிய சாகசக் கதைகளின் உலகம் அதுதான். பெண்களின் போர்ப் படக்கதைகளில் முதலில் மாறுவது களம்.

ஸெய்னா அபிராஷெத் 1981-இல் பெய்ரூட்டில் பிறந்தவர். லெபனான் உள்நாட்டுப் போர் 1975-இல் தொடங்கி 1990 வரை நீடித்தது. பச்சைக் கோடு என்ற பிரிவுக்கோடு நகரைக் கிழக்கு மேற்காகப் பிளந்தது. 2007-இல் பிரெஞ்சில் வெளியாகி ஆங்கிலத்தில் 'எ கேம் ஃபார் ஸ்வாலோஸ்' என்று அறியப்படும் அவருடைய நூலின் கதை 1984-இல் ஒரே இரவில் நடக்கிறது. பாட்டியைப் பார்க்கச் சில தெருக்கள் தள்ளிப் போன பெற்றோர் குண்டுவீச்சால் திரும்ப முடியவில்லை. வீட்டிலேயே பாதுகாப்பான இடம் வெளிச்சுவர்களிலிருந்து தள்ளியிருக்கும் நடைக்கூடம். இரண்டு குழந்தைகள் அங்கே காத்திருக்கிறார்கள். அண்டை வீட்டார் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். முதிய பணிப்பெண் அன்ஹலா கேக் செய்கிறார்.

அந்தச் சில தெருக்களைக் கடப்பது எப்படி என்பதை அபிராஷெத் நடனக் குறிப்புபோல வரைந்திருக்கிறார்: இந்த மூலையில் ஓடு, இங்கே குனி, இந்தச் சுவரை ஒட்டி நட, இங்கே தாண்டு. மறைந்திருந்து சுடுபவனின் கண்ணில் படாமல் போகும் வழி அது. துப்பாக்கிக்காரன் முகம் எங்குமில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் உடலசைவுகள் முழுவதையும் அவனே தீர்மானிக்கிறான். கனத்த கறுப்பும் வெறும் வெள்ளையுமான அவருடைய பக்கங்களில் வெளியுலகம் சுருங்கிச் சுருங்கி ஓர் அறையாகிறது. போர் என்றால் புழங்கும் இடம் குறைந்துகொண்டே போவது என்பதை வீட்டை நடத்தும் பெண்களும் வீட்டுக்குள் வளரும் குழந்தைகளும்தான் அளந்து வைத்திருக்கிறார்கள்.

மர்ஜான் சத்ராபியின் 'பெர்செபோலிஸ்' 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாகப் பிரெஞ்சில் வந்தது. தமிழில் விடியல் பதிப்பகத்தின் வழியாக நமக்குக் கிடைத்தது. 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்-ஈராக் போரும், புரட்சிக்குப் பிந்தைய ஆட்சியின் அடக்குமுறையும் ஒரே வீட்டுக்குள் எப்படி நுழைந்தன என்பதை அது காட்டுகிறது. தாய் சன்னல் கண்ணாடிகளில் நாடா ஒட்டுகிறார், குண்டு விழுந்தால் சில்லுகள் தெறிக்காமலிருக்க. மேலே கறுப்புத் திரை போடுகிறார், எதிர்வீட்டுப் பக்தர்கள் கண்ணில் படாமலிருக்க. ஒரே சன்னலில் இரண்டு எதிரிகள்.

அபாதான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை தாக்கப்பட்டதும், அங்கிருந்து தப்பிய மாலி என்ற தோழி கணவர், குழந்தைகளோடு இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். தெற்கிலிருந்து வந்த அகதிப் பெண்கள் உடலை விற்கிறார்கள் என்று கடையில் இரண்டு பெண்கள் வம்பு பேசுவதை மாலி கேட்க நேர்கிறது. ஈராக்கின் குண்டு வீட்டை அழித்தது. சொந்த நாட்டுப் பெண்களின் பேச்சு மிச்சமிருந்த மதிப்பை அழித்தது. பெண்கள் எல்லோரும் போரில் ஒன்றாகத் துன்புற்றார்கள் என்ற சுலபமான பொதுமைக்கு இந்தச் சிறு காட்சி இடம் தருவதில்லை.

சோவியத் படையில் பணியாற்றிய பெண்களின் குரல்களைத் தொகுத்த ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் நூலை, 2019-இல் ஜப்பானிய ஓவியர் கெய்தோ கோமே மாங்காவாக வரையத் தொடங்கினார். களத்துக்குள் போன பெண்களின் கதையிலும் அவர் தேர்ந்தெடுத்த காட்சிகளில் ஒன்று ராணுவத்தின் சலவைப் பிரிவு. ரத்தம் காய்ந்த உடைகளைக் கார சோப்பால் துவைத்துத் துவைத்துப் பெண்களின் நகங்கள் கழன்று விழுகின்றன. பதக்கம் தரும்போது யாரும் எண்ணிப் பார்க்காத உழைப்பு அது. வழக்கமான மாங்கா அழகு அந்த முகங்களில் ஒட்டிக்கொண்டிருப்பது உறுத்துகிறது. ஆனாலும் துவைக்கும் கைகளை வரையும்போது அந்த அழகு விலகி நிற்கிறது.

கறுப்பின் இலக்கணம்

'பெர்செபோலிஸ்' நூலில் பலரும் மறக்காத பக்கம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டில் ஏவுகணை விழுந்திருக்கிறது. அங்கே குடியிருந்த யூதக் குடும்பத்தின் பெண் நேதா, சிறுமி மர்ஜியின் தோழி. இடிபாடுகளைத் தாண்டி இழுத்துச் செல்லும் தாயின் கையைப் பிடித்து நடக்கையில், நேதா அணிந்திருந்த நீலப்பச்சைக் கல் கைச்சங்கிலி மர்ஜியின் கண்ணில் படுகிறது. அதோடு இன்னும் ஏதோ ஒட்டியிருக்கிறது. அடுத்து மர்ஜி கண்களைப் பொத்திக்கொள்கிறாள். கடைசிக் கட்டம் முழுக்கக் கறுப்பு. இறந்த சிறுமியின் உடல் ஒரு கோடாகக்கூட வரையப்படவில்லை.

இதை ஹிரோஷிமாவைப் பற்றிய கெய்ஜி நகாஸவாவின் 'வெறுங்கால் கென்' தொடரோடு ஒப்பிட்டால் இரண்டு அறங்கள் எதிரெதிரே நிற்பது தெரியும். நகாஸவா அணுகுண்டிலிருந்து தப்பியவர். 1966-இல் இறந்த தாயைத் தகனம் செய்தபோது, கதிர்வீச்சால் சிதைந்த எலும்புகள் சாம்பலாகிவிட்டிருந்ததைக் கண்டு கொதித்த அவர், குண்டைப் பற்றி வரையத் தொடங்கினார். 1973-இல் தொடங்கிய அந்தத் தொடரில் உருகித் தொங்கும் தோலும் புழு வைத்த காயங்களும் நேருக்கு நேராக வரையப்பட்டன. ஆக்கிரமிப்புக் காலத்துத் தணிக்கையாலும் சமூகத்தின் ஒதுக்கலாலும் மறைக்கப்பட்டதை அம்பலப்படுத்தக் காட்டியே ஆகவேண்டும் என்பது அவர் நிலை. அதில் நியாயம் உண்டு. காட்டுவதே எதிர்ப்பாகும் சூழலும் உண்டு, காட்டுவதே அவமதிப்பாகும் சூழலும் உண்டு.

இரண்டாவது சூழலைக் கொரிய ஓவியர் கியூம் சுக் ஜெந்த்ரி-கிம் எதிர்கொண்டார். 1971-இல் ஜொல்லா மாகாணத்தில் பிறந்து, சோலில் ஓவியமும் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் சிற்பமும் பயின்றவர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் 'ஆறுதல் பெண்கள்' என்று ஜப்பானிய ராணுவம் பெயரிட்ட பாலியல் அடிமைகளின் வரலாறு. எத்தனை பெண்கள் என்பதில் மதிப்பீடுகள் பல்லாயிரத்திலிருந்து 2 லட்சம் வரை வேறுபடுகின்றன. போர் முடிந்து 46 ஆண்டுகள் இந்தப் பெண்களில் பெரும்பாலானோர் பேசவில்லை. 1991 ஆகஸ்ட் 14-இல் கிம் ஹக்-சுன் என்ற முதியவர் தன் பெயரோடும் முகத்தோடும் தென்கொரியாவில் முதன்முறையாகப் பொதுவில் சாட்சியம் சொன்னார். 1992 ஜனவரியில் சோலின் ஜப்பானியத் தூதரகத்தின் முன் தொடங்கிய புதன்கிழமைப் போராட்டம் பல்லாண்டுகளாகத் தொடர்ந்துவருகிறது. 1993-இல் ஜப்பானிய அரசு வெளியிட்ட கோனோ அறிக்கை ராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டது. ஆனாலும் மறுப்பாளர்கள் குறையவில்லை. ஆவணம் எங்கே என்று கேட்பதும் மூதாட்டிகளின் நினைவுப் பிசகுகளைப் பொறுக்கி எடுப்பதும் அவர்களின் வழி.

2017-இல் கொரிய மொழியில் வெளிவந்த ஜெந்த்ரி-கிம்மின் 'புல்' இந்தச் சூழலில் லீ ஓக்-சன் என்ற ஒரே பெண்ணின் வாழ்க்கையைச் சொல்கிறது. பூசானில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சிறுமிக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. தம்பிக்குக் கிடைக்கும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. படிக்க வைப்பார்கள் என்ற வாக்கை நம்பி, ஒரு நூடுல்ஸ் கடைக்காரர் வீட்டுக்கு அவளைத் தத்துக் கொடுக்கிறார்கள். அங்கே அவள் வேலைக்காரி. பிறகு உல்சானில் ஒரு மதுக்கடை. 1942-இல், பதினைந்து வயது நிரம்பாத நிலையில், ஏதோ வேலையாகத் தெருவில் போனவளை இரண்டு ஆண்கள் பிடித்து ரயிலேற்றுகிறார்கள். சீனாவின் யான்ஜியில் ராணுவ விமானத்தளத்தில் கூலிவேலை, அதன் பின் ராணுவ விடுதி.

முதல் வன்புணர்ச்சியை ஜெந்த்ரி-கிம் சொல்லும் முறை நூலின் உச்சம். கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்துப்போகின்றன. கதை நகரவில்லை, பக்கம் மட்டும் புரள்கிறது. ஓர் உரைநடை ஆசிரியர் 'அதை நான் விவரிக்கப்போவதில்லை' என்று எழுதினால் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவோம். இங்கே கடக்க முடிவதில்லை. கட்டங்களின் எண்ணிக்கை காலமாக மாறுகிறது. எவ்வளவு நேரம் என்பது தெரிகிறது, என்ன என்பது தெரிவதில்லை. உடல் வாசகரின் பார்வைக்கு ஒப்படைக்கப்படவில்லை; நேர்ந்ததன் நீளம் மட்டும் ஒப்படைக்கப்பட்டது. சத்ராபியின் ஒற்றைக் கறுப்புக் கட்டம் சாட்சியின் கண் மூடிக்கொண்டதைச் சொல்கிறது. ஜெந்த்ரி-கிம்மின் கறுப்பு, பார்க்க நமக்கு உரிமையில்லை என்கிறது.

இந்தக் கறுப்புக்கு இரண்டு பக்கமும் அவர் எழுப்பியிருப்பதைக் கவனிக்க வேண்டும். தூரிகையின் தடித்த மையில் மரங்கள், வயல், வெறுங்கிளைகள் எனச் சொல்லற்ற பக்கங்கள் வருகின்றன. கேட்டதைத் தாங்கிக்கொள்ள வாசகருக்குக் கிடைக்கும் மூச்சு அது. மறுபக்கம் விவரங்கள்: ஊர்ப்பெயர், ரயில், விமானத்தள வேலை, விடுதியின் அன்றாடம். ஓவியர் தன்னையும் வரைகிறார். முதியவரின் அறையில் உட்கார்ந்து கேட்பவராக, தயங்குபவராக, இன்னும் எவ்வளவு கேட்கலாம் என்று தெரியாதவராக. இப்படி, மறைக்கப்படுவது ஒன்றே ஒன்றுதான், மற்ற அனைத்தும் துல்லியமாக வெளிச்சத்தில் இருக்கின்றன.

'புல்' குற்றத்தை ஜப்பானியச் சீருடையோடு நிறுத்திக்கொள்வதும் இல்லை. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத வீடு, வறுமையில் அவளைக் கைமாற்றிய ஊர், திரும்பி வந்தால் ஏற்காத சமூகம் எல்லாமே சங்கிலியின் கண்ணிகள். லீ ஓக்-சன் போருக்குப் பின் சீனாவிலேயே வாழ்ந்து 2000-இல்தான் கொரியா திரும்பினார். தேசப் பெருமிதத்துக்குப் பயன்படும் புனிதத் தியாகியாக அவரை ஆக்க நூல் மறுத்துவிடுகிறது. 2020-இல் அமெரிக்காவின் ஹார்வி விருது சிறந்த அயல்நாட்டு நூலுக்காக அதற்குக் கிடைத்தது.

கை இழந்தவளின் கோடு

அதே ஆண்டுகளில், ஜப்பானியப் பேரரசின் மறுபக்கத்தில், ஏறத்தாழ அதே வயதுள்ள ஒரு பெண். ஃபுமியோ கோனோவின் 'இந்த உலகின் ஒரு மூலையில்' மாங்கா 2007 முதல் 2009 வரை தொடராக வந்தது. ஹிரோஷிமாவிலிருந்து குரே என்ற கடற்படைத் துறைமுக நகருக்குத் திருமணமாகிப் போகும் சுசு கற்பனைப் பாத்திரம். அவளுக்கு ஓவியம் வரையப் பிடிக்கும். ரேஷன் குறையக் குறைய அவள் எப்படிச் சமைக்கிறாள் என்பதைக் கோனோ செய்முறைக் குறிப்பாகவே வரைகிறார்: எந்தக் களை தின்னத் தகும், அரிசியை வறுத்து ஊறவைத்து அளவைப் பெருக்குவது எப்படி. 1968-இல் ஹிரோஷிமாவில் பிறந்த கோனோ போரைப் பார்த்தவர் அல்லர். குண்டில் பாதிக்கப்பட்ட குடும்பமும் அல்ல. அனுபவம் இல்லாத இடத்தை ஆய்வால் நிரப்பினார்.

1945 ஜூனில் தாமதமாக வெடிக்கும் குண்டொன்று சுசுவின் வலக்கையையும், அந்தக் கையைப் பிடித்திருந்த சிறுமி ஹருமியின் உயிரையும் எடுத்துச் செல்கிறது. அதற்குப் பிறகு வரும் பின்னணிகளைக் கோனோ தன் இடக்கையால் வரைந்தார். வீடுகளும் மலைகளும் நடுங்கும் கோடுகளில் கோணலாக நிற்கின்றன. காயத்தின் படம் தேவைப்படவில்லை. உலகமே வலக்கை இல்லாதவள் பார்ப்பதுபோல் மாறிவிடுகிறது. குரேயின் பாலியல் தொழில் பகுதியில் வாழும் ரின் என்ற பெண்ணின் கடந்தகாலத்தை அவர் உதட்டுச்சாயத்தால் வரைந்தார். என்ன நடந்தது என்பதைச் சித்திரத்தின் பொருளில் சொல்லாமல், வரையும் கருவியிலேயே சொல்லும் உத்தி இது. திரைப்படமோ நாவலோ இதற்கு நிகரான ஒன்றைச் செய்வது கடினம்.

மறைப்பு யாரைக் காக்கிறது?

இந்த மாங்காவில்தான் நம் கேள்வியின் மறுபாதி எழுகிறது. வீட்டுக்குள்ளேயே நிற்கும் கதை, அந்த வீட்டை நடத்திய அரசு வெளியே செய்ததை மறைத்துவிடலாம். ஜப்பானியக் குடும்பம் பட்ட துன்பத்தை மட்டும் காட்டி, அந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் எங்கே போயின என்று சொல்லாமல் விட்டால், அடக்கமான கலையே வசதியான மறதியாகிவிடும்.

கோனோ இதை அறிந்திருந்தார். 1945 ஆகஸ்ட் 15, சரணடைவதாகப் பேரரசரின் வானொலி அறிவிப்பு. ஆத்திரத்தோடு வயலுக்கு ஓடும் சுசு, ஊருக்குள் ஒரு கொரியக் கொடி ஏறுவதைப் பார்க்கிறாள். வன்முறையால் மற்றவரை அடக்கி வைத்திருந்த நாடு இது, அதனால்தான் வன்முறைக்குப் பணிகிறது என்பது அவளுக்கு அந்தக் கணத்தில் உறைக்கிறது. குண்டுகளுக்கு இரையானவள் என்று நாம் இரங்கிக்கொண்டிருந்த பெண், தானும் அந்த அமைப்பின் பகுதி என்று உணர்கிறாள். சுனாவோ கதாபுச்சி 2016-இல் எடுத்த அனிமேஷன் படத்தில் கொடி இருக்கிறது, சுசுவின் பேச்சு மாறிவிட்டது: கடல் கடந்து வந்த அரிசியாலும் சோயாவாலும் வளர்ந்த உடல் தன்னுடையது என்கிறாள். அடுக்களையை ஆண்ட பெண்ணுக்குப் பொருத்தமான சொற்கள்தான். ஆயினும் அரிசி எப்படி வந்தது என்பது பார்வையாளரின் பொது அறிவுக்கு விடப்பட்டது. மாங்கா குற்றத்தைச் சொன்னது; படம் குறிப்பால் உணர்த்தியது. மறுப்பு வலுத்துவரும் நாட்டில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

படக்கதை எவ்வளவு அரசியல் சூடேற்றும் என்பதற்கு 2014-இல் பிரான்ஸின் அங்குலேம் படக்கதை விழாவே சான்று. அங்கே 'ஆறுதல் பெண்கள்' பற்றிய கொரிய ஓவியர்களின் கண்காட்சி நடந்தது. ஜப்பானிய அரசுத் தரப்பு வருத்தம் தெரிவித்தது. வரலாற்றை மறுக்கும் படக்கதைகளோடு வந்த ஒரு ஜப்பானியக் குழுவின் கடையை விழா அமைப்பாளர்கள் அகற்றினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 28-இல் ஜப்பானிய, தென்கொரிய அரசுகள் ஓர் உடன்பாட்டை அறிவித்தன: ஜப்பான் 100 கோடி யென் தரும், விவகாரம் இத்துடன் தீர்ந்தது. பாதிக்கப்பட்டோரைக் கலந்து பேசவில்லை என்று லீ ஓக்-சன் உள்ளிட்ட மூதாட்டிகள் அதை ஏற்க மறுத்தார்கள். பெண்ணின் அனுபவத்தை அவரைக் கேட்காமலேயே முடித்துவைப்பது அமைதிக்காலத்திலும் தொடர்கிறது.

முகமூடியும் உரிமையும்

காட்டாமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உயிருக்கு ஆபத்து. இலங்கைப் போரைப் பற்றி 2019-இல் வந்த 'வன்னி' என்ற ஆங்கிலப் படக்கதை நூலை இங்கே பேசவேண்டும். எழுதிய பெஞ்சமின் டிக்ஸ் 2004 முதல் 2008 வரை ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் அரசின் உத்தரவின் பேரில் உதவி நிறுவனங்கள் கிளிநொச்சியைவிட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மக்களைப் பின்னால் விட்டு வந்தவர்களில் ஒருவர். வரைந்தவர் லிண்ட்ஸே பொல்லாக். ராமச்சந்திரன் குடும்பம் கற்பனை. ஆழிப்பேரலை முதல் முள்ளிவாய்க்கால் வரை அவர்களுக்கு நேர்வது, உயிர்தப்பிய பலரின் நேர்காணல்களிலிருந்து கோக்கப்பட்டது.

சாட்சி சொன்னவரின் உறவினர் இன்னும் ஊரில் இருக்கையில் புகைப்படம் அவரைக் காட்டிக்கொடுக்கும். வரைந்த முகம் காக்கும். இதே நோக்கில் டிக்ஸ் 2012-இல் தொடங்கிய 'பாசிட்டிவ் நெகடிவ்ஸ்' அமைப்பு பல நாட்டு அகதிகளின் சாட்சியங்களைப் படக்கதைகளாக்கியது. ஒகுபோ தன் உருவத்தை ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தித் தன் பெயரால் சாட்சி சொன்னதற்கு நேர் எதிரான முறை. அவசியமான முறையும்கூட. அதற்கு ஒரு விலை உண்டு: பல பெண்கள் சொன்னது ஒரு கற்பனைப் பெண்ணுக்குள் கலந்துவிடும்போது, இது என் கதை என்று உரிமை கொண்டாட யாரும் மிஞ்சுவதில்லை. கேட்டவரும் எழுதியவரும் வரைந்தவரும் வெளியிலிருந்து வந்தவர்கள் என்றால் அந்த விலை கூடுகிறது.

ஈழப் போரைத் தமிழ்ப் பெண்கள் சொல்லாமலில்லை. கவிதையாக, சிறுகதையாக, தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' போன்ற தன்வரலாறாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் முகத்தை மறைக்க வழியுண்டு, மறைக்காமல் வாதாடவும் வழியுண்டு. சித்திரத்தில் அந்த முடிவை ஓவியர் எடுக்கிறார். சாட்சி ஒருவர், ஓவியர் வேறொருவர் என்று ஆகிவிட்டால் அதிகாரம் கைமாறுகிறது. தன் கதையைத் தானே வரைந்த சத்ராபிக்கும் அபிராஷெத்துக்கும் இந்தச் சிக்கல் இல்லை. ஜெந்த்ரி-கிம்முக்கு இருந்தது. கேட்பவராகத் தன்னையும் பக்கத்தில் வரைந்து, தான் இடையில் நிற்பதை மறைக்காமல் அவர் அதை எதிர்கொண்டார்.

இனி வரும் ஆண்டுகளில் இந்தச் சிக்கல் பெருகும். லீ ஓக்-சன் 2025 மே மாதம் காலமானார். தென்கொரிய அரசிடம் பதிவு செய்த 240 பேரில் அப்போது உயிரோடிருந்தவர்கள் 6 பேர். சாட்சிகளைச் சந்தித்திராதவர்களே இனி இந்தக் கதைகளை வரையப்போகிறார்கள். அவர்களுக்குக் கறுப்புக் கட்டம் எளிதில் கைவரும் உத்தியாகிவிடும் ஆபத்து உண்டு. தெரியாததை மறைக்கவும், சொல்லத் துணியாததைத் தவிர்க்கவும், கண்ணியம் என்ற பெயரில் குற்றவாளியைத் தப்பவிடவும் அது பயன்படலாம். 'புல்' நூலின் கறுப்புக்கு வலுத் தந்தது, அதைச் சுற்றி ஓவியர் திரட்டிய ஊர், ஆண்டு, வழித்தடம், கைமாற்றியவர், சீருடை ஆகிய விவரங்கள். கோனோவின் இடக்கைக் கோட்டுக்கு வலுத் தந்தது, அதற்கு முன் வலக்கையால் அவர் பிழையின்றி வரைந்து வைத்த நகரம். ஒரு பெண்ணின் உடலை வரையாமல் விடும் உரிமையை ஓவியர் கோரலாம்; மற்ற அனைத்தையும் தேடித் தெரிந்துகொள்ளும் கடமையை நிறைவேற்றிய பிறகுதான் அந்த உரிமை அவருக்கு வருகிறது.